கோணலக்காவின் சிவப்புப் பென்சில்

"அப்போ நான் விழுந்தது நடிப்புங்கறீங்க? வாயத் திறந்து சொல்லுங்க அண்ணி, நடிப்புன்னு சொல்லிடுங்க!"

"நடிப்புன்னு நான் எப்போடி சொன்னேன்? வெறும் டீயக் குடிச்சிட்டு ஓடினா மயக்கம் வராம வேற என்ன வரும்னு கேட்டேன்."

"ஆறு வருஷமா வெறும் டீதான் குடிச்சிட்டு ஓடுறேன். அப்பல்லாம் விழல. நேத்து நீங்க என் பீஸ்ல சிவப்புப் பென்சிலால குறி போட்டீங்க. அரை மணி நேரத்துல நான் தரையில கிடக்குறேன். இதுக்கு என்ன சொல்றீங்க?"

"கோட்டுல கைமூட்டுத் தையல் ஒரு விரல்கடை இறங்கிக் கிடந்துச்சு. கோணல். குறி போடாம முத்தமா குடுப்பாங்க?"

"ஒரு கோணலப் பார்க்காம உங்களால இருக்கவே முடியாது இல்ல?"

இடையில் ஆண்குரல் ஒன்று, "கொஞ்சம் தூங்க விடுறீங்களா ரெண்டு பேரும்?" என்று பாயிலிருந்து கெஞ்சியது. அதை இருவருமே காதில் வாங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு நடந்த சண்டை இது. அண்டை வீட்டுக்காரர்கள் யாரும் ஒட்டுக்கேட்கச் சிரமப்படவில்லை. அந்த வரிசையில் சுவர்களெல்லாம் பேருக்குத்தான் சுவர். ஒரு வீட்டில் டம்ளர் விழுந்தால் நாலாவது வீட்டில் குழந்தை விழித்துக்கொள்ளும். அண்ணியும் நாத்தனாரும் போடும் சண்டை என்றால் தெருவே பல் துலக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்கும். அன்றும் கேட்டது.

பாயில் கிடந்தவர் வீட்டுக்காரர். ரொட்டி அடுப்பில் வேலை. நடுராத்திரியில் போய், காது மடலில் மாவோடு திரும்பி வந்து, சரியாக இந்த இரண்டு பெண்களும் வேலைக்குக் கிளம்பும் சந்தடியில்தான் தூங்க முயற்சி செய்வார். சத்தம் போட்டுப் பேசினவர் என்று அவரைப் பற்றி யாரும் சொல்ல முடியாது. மாவு உப்புவதற்குப் பொறுமையாகக் காத்திருந்து பழகியவர், எல்லாமே காத்திருந்தால் தானாகச் சரியாகிவிடும் என்று நம்பினார். அவருடைய தங்கையை வீட்டில் சின்னவள் என்பார்கள். மனைவியை வீட்டில் என்ன சொல்லிக் கூப்பிட்டார்களோ, தையல் கூடத்தில் அறுபது பேருக்கும் அவள் கோணலக்காதான்.

அந்தப் பேர் அவளே சம்பாதித்தது. தைத்து முடிந்த துணிகளைப் பார்த்து, சரி, தப்பு என்று பிரிக்கிற மேஜை அவளுடையது. பதினோரு வருஷம். பீஸை மேஜைமேல் போட்டு, உள்ளங்கையால் ஒரு நீவு நீவுவாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவாள். "கோணல்" என்பாள். அவ்வளவுதான், அந்தத் துணி திரும்பிப் போகும். ஏன், எங்கே என்று வாதாடியவர்கள் உண்டு, ஜெயித்தவர்கள் இல்லை. யாராவது நெற்றிப் பொட்டை ஓரமாக வைத்திருந்தால்கூட அவளுக்குப் பொறுக்காது. தெருவில் ஒரு கல்யாணத்துக்குப் போய், மாப்பிள்ளை சட்டையின் காலரை மேடையிலேயே இழுத்துச் சரி செய்தவள். அப்படிப்பட்டவளை யாருக்குப் பிடிக்கும்? பிடிக்காமல்தான் இருந்தது. ஆனால் பதினோரு வருஷமும் அது வெறும் பிடிக்காமையாகத்தான் இருந்தது. பயமாக மாறியது அந்த வெள்ளை ஆர்டர் வந்த பிறகுதான்.

ஆஸ்பத்திரிக்காரர்கள் போடும் வெள்ளைக் கோட்டு, ஆயிரக்கணக்கில். வெள்ளைத் துணி என்றால் தூசு ஆகாது என்று சூப்பர்வைசர் எல்லா ஜன்னலையும் அடைத்து, இடுக்குகளில் டேப் ஒட்டினார். காற்றை வெளியே தள்ளுகிற பெரிய ஃபேன் பஞ்சைக் கிளப்புகிறது என்று அதையும் நிறுத்தினார். கோணலக்கா வழக்கமாகத் தப்பு இருக்கும் இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவாள். அந்த ரோல் பாதியில் தீர்ந்துபோனது. "அடுத்த வாரம் வரும், அதுவரைக்கும் கண்டும் காணாம விடும்மா" என்றார் சூப்பர்வைசர். கண்டதைக் காணாமல் விட அவளுக்குத் தெரிந்திருந்தால் அவள் வாழ்க்கையே வேறு மாதிரி இருந்திருக்கும். மேஜை இழுப்பறையைக் குடைந்து, எப்போதோ கிடந்த ஒரு சிவப்பு மெழுகுப் பென்சிலை எடுத்தாள். வெள்ளையில் சிவப்பு, குருடனுக்கும் தெரியும். திருப்தி அவளுக்கு.

மெழுகுக் கறை சும்மா போகாது. அதற்கு ஒரு கறை மருந்து உண்டு. லேபிள் இல்லாத தகர டப்பாவில் சூப்பர்வைசர் எங்கிருந்தோ வாங்கி வந்தது. கூடத்தின் சட்டம் என்னவென்றால், யார் தைத்த பீஸ் திரும்பி வருகிறதோ, அவளே தன் இடத்தில் உட்கார்ந்து பிரித்துத் தைத்து, குறியையும் தானே துடைத்துவிட்டுத்தான் மேஜைக்குக் கொண்டுவர வேண்டும். பழைய துணியில் மருந்தை நனைத்து, முகத்துக்குக் கிட்டே வைத்துத் தேய்க்க வேண்டும்.

முதலில் விழுந்தது காலர் வைக்கிற பெண். வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை ஒருத்தி. திங்கட்கிழமை சின்னவள்.

சின்னவள் விழுந்ததும்தான் மைக்செட் அதைச் சொன்னாள். மைக்செட் பட்டன் மிஷினில் உட்காருகிறவள். அவள் குரலுக்கு வைத்த பேர் அது. அறுபது மிஷின் ஓடும்போதும் அவள் ரகசியம் கடைசி வரிசைக்குக் கேட்கும். "மூணு பேர் கையிலயும் என்ன இருந்துச்சு பாத்தீங்களாடி? சிவப்புக் குறி. போட்டது யாரு? சொந்த நாத்தனாரையே விடலன்னா நாமெல்லாம் எம்மாத்திரம்?"

இதைத்தான் சின்னவள் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அதுதான் செவ்வாய்க்கிழமைச் சண்டை. இருவரும் ஒரே வழியில், தெருவின் ஆளுக்கொரு ஓரமாக நடந்து வேலைக்குப் போனார்கள்.

அன்று ஐந்து பேர் விழுந்தார்கள். அதில் இரண்டு பேர் கையில்தான் குறி போட்ட பீஸ் இருந்தது. மற்ற மூன்று பேர் விழுந்தவர்களைப் பார்த்து விழுந்தார்கள். "என்னைப் பார்த்தா அவ. கண்ணாடிய நெத்திக்குத் தூக்கிட்டு நேரா பார்த்தா. அப்பவே கால் மரத்துப் போச்சு" என்றாள் ஒருத்தி. கோணலக்காவுக்கு நெற்றிக்குத் தூக்கினால்தான் கிட்டத்தில் இருப்பது தெரியும். தூரத்தில் இருப்பது மூஞ்சியா முறமா என்றே தெரியாது. அதை யார் கேட்கப் போகிறார்கள்?

டாக்டர் ஒருவர் வந்தார். எல்லோருக்கும் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். சர்க்கரைத் தண்ணீர் குடிக்கச் சொன்னார். "காலைல சாப்பிட்டுட்டு வாங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். சின்னவள் அண்ணியை ஒரு பார்வை பார்த்தாள். அண்ணி சொன்னதையே டாக்டரும் சொன்னது இன்னும் பெரிய குற்றமாகப் போயிற்று. "டாக்டரையும் வளைச்சுப் போட்டுட்டாளா?" என்றாள் மைக்செட்.

புதன்கிழமை நூல் வந்தது. குறி போட்ட பீஸைத் திருத்தியும் விழாத ஒருத்தி இருந்தாள். வாசல் கதவை ஒட்டிய இடம் அவளுடையது. ஆள் வந்து போகும்போதெல்லாம் காற்று அவள்மேல் அடிக்கும். ஆனால் கூடத்தின் கண் கதவைப் பார்க்கவில்லை, அவள் மணிக்கட்டைப் பார்த்தது. துணிக்கட்டின் கணக்குச் சீட்டைத் தொலையாமல் கட்டி வைக்க அவள் எப்போதும் மணிக்கட்டில் வெள்ளை நூல் சுற்றியிருப்பாள். அவ்வளவுதான். மத்தியானத்துக்குள் அறுபது மணிக்கட்டிலும் வெள்ளை நூல். சூப்பர்வைசரும் வாட்சுக்கு அடியில் கட்டியிருந்தார் என்று கேள்வி. கட்டாத கை ஒன்றே ஒன்றுதான். கோணலக்காவிடம் யாரும் நூலை நீட்டவில்லை. அவளாக எடுத்துக் கட்டிக்கொள்ள அவள் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

"பாரு, அவ மட்டும் கட்டல."

"எப்படிக் கட்டுவா? கட்டினா அவளுக்கே சுடுமே!"

நூல் கட்டியும் புதன்கிழமை பதினோரு பேர் விழுந்தார்கள். சின்னவள் இரண்டாம் முறை விழுந்தது அன்றுதான்.

சாயங்காலம் துவைக்கப் போட்டிருந்த துணிகளில், சின்னவள் திங்கட்கிழமை போட்டிருந்த மேல்கோட்டை எடுத்தபோது, பையிலிருந்து ஒரு கந்தல் விழுந்தது. கோணலக்கா அதைக் குனிந்து எடுத்தாள். மருந்து வாடை சுர்ரென்று மண்டைக்கு ஏறியது. துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். பிறகு விரல் விட்டு எண்ணினாள். காலர்க்காரி, திருத்தத் திரும்பி வந்த ஆல்ட்டர் பீஸ் மூன்று. சனிக்கிழமைக்காரி, இரண்டு. சின்னவள், நான்கு. கதவோரத்துக்காரி விழவில்லை. ஜன்னல் அடைத்தது வியாழக்கிழமை. முதல் ஆள் விழுந்தது வெள்ளிக்கிழமை.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் முற்றத்தில் டப்பாவைத் திறந்தபோது அவள் மட்டும் கூடத்துக்குள் போனாள். நட்ட நடுவில் சின்னவளின் இடத்தில் உட்கார்ந்தாள். தானே குறி போட்ட மூன்று கோட்டுகளை எடுத்து, மருந்தில் நனைத்துத் தேய்த்தாள். முதல் கோட்டில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் நாக்கு தித்தித்தது. மூன்றாவதில் மிஷின் சக்கரம் இரண்டாகப் பிரிந்து மெதுவாக ஆட ஆரம்பித்தது. மேஜை விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். வியர்வை முதுகில் ஓடியது. அந்த நிலையிலும் அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அகப்பட்டுவிட்டது! வாய்விட்டுச் சிரித்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தானா அயர்ன்காரர் உள்ளே எட்டிப் பார்க்க வேண்டும்? ஆளில்லாத கூடம். நாத்தனார் உட்கார்ந்து விழுந்த அதே இடம். மடியில் சிவப்புக் குறி போட்ட கோட்டு. தலை ஆடுகிறது, கண் செருகுகிறது, தனியாகச் சிரிக்கிறாள். அயர்ன்காரர் பொய் சொல்லத் தெரியாத மனிதர். பார்த்ததை அப்படியே முற்றத்தில் போய்ச் சொன்னார். சாப்பாட்டு மணி முடிவதற்குள் அவள் மந்திரம் முணுமுணுத்ததாகவும், கோட்டு தானாக எழுந்து கையை ஆட்டியதாகவும் ஆகிவிட்டது.

கோணலக்கா முகம் கழுவிவிட்டு நேராகச் சூப்பர்வைசர் அறைக்குப் போனாள்.

"சார், மருந்துதான். வேற ஒண்ணுமே இல்ல. ஜன்னலத் திறங்க, ஃபேனப் போடுங்க, சாயங்காலத்துக்குள்ள எல்லாம் சரியாயிடும்."

"ஜன்னலத் திறந்தா வெள்ளத் துணில தூசு விழும். அப்புறம் அதுக்கும் நீயே கோணல்னு சொல்லுவ."

"ஆளே விழுதே சார்!"

"அந்த மருந்து வாங்கிட்டு வந்தது நான்மா. நான் விஷத்த வாங்கிட்டு வந்தேன்னு சொல்ல வர்றியா?" அவர் குரலைத் தாழ்த்தினார். "இத பாரு. நாளைக்குக் காலைல எல்லாரையும் கூட்டுறேன். 'தெரியாம ஏதாவது நடந்திருந்தா மன்னிச்சிடுங்க'ன்னு ஒரு வார்த்த சொல்லிடு. அவளுங்க நாலு பேர் அழுவாளுங்க, நீயும் அழு. முடிஞ்சுது."

"பண்ணாத தப்புக்கா?"

"தப்புன்னு யாரு சொன்னா? மன்னிப்புதான."

வீட்டில் வீட்டுக்காரரும் அதையே பாடினார். ரொட்டியைப் பாலில் தோய்த்தபடி, "ஒரு வார்த்ததான? சொல்லிட்டுப் போயேன். அப்புறம் எல்லாம் தானா அடங்கிடும்" என்றார்.

"ஏங்க, நான் சொல்லிட்டா நான்தான் பண்ணேன்னு ஆயிடாதா?"

"இப்ப மட்டும் என்ன ஆகியிருக்கு? கடையில ரொட்டி வாங்க வர்றவங்க என்கிட்டயே கேக்குறாங்க, வீட்ல எல்லாம் சௌக்கியமான்னு. கேக்குற விதமே சரியில்ல."

அவள் அவரை விட்டுவிட்டுச் சின்னவளைப் பிடித்தாள். சின்னவள் சமையலறை மூலையில் தலையைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். மணிக்கட்டில் நூல், மூன்று சுற்று. கோணலக்கா அந்தக் கந்தலை நீட்டினாள்.

"மோந்து பாரு."

சின்னவள் முகர்ந்தாள். முகத்தைச் சுளித்தாள். மறுபடி முகர்ந்தாள். கோணலக்கா கதவு, ஜன்னல், ஃபேன், மூன்று கோட்டு, ஆடின சக்கரம், எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்லச் சின்னவள் முகம் தெளிந்தது. பிறகு, ஏதோ நினைவு வந்தவள்போல், வெளுத்தது.

"அண்ணி, திங்கக்கிழம என் கைல மருந்து இருந்துச்சு. சரி. நேத்து?"

கோணலக்கா கந்தலை நாலாக மடித்து ஓரமாக வைத்தாள்.

"நேத்து என்கிட்ட ஆல்ட்டர் பீஸே வரல அண்ணி."

"தெரியும்."

"எல்லாரும் விழுந்தாங்க. இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. நீங்க என்னோட அண்ணி. நான் மட்டும் நின்னுட்டிருந்தா என்ன பேசுவாங்க?" அவள் நூலைச் சுற்றிச் சுற்றி இழுத்தாள். "நிஜமாவே கண்ண இருட்டிக்கிட்டுதான் வந்துச்சு. கொஞ்சம்."

"அதெல்லாம் நான் கேக்கல. திங்கக்கிழமது மட்டும் சொல்லு. மருந்து வாட ஏறித்தான் விழுந்தேன்னு நீ சொன்னா போதும். நான் சொன்னா எடுபடாது. விழுந்தவ சொல்லணும்."

"சொல்றேன்."

"சத்தியமா?"

"சொல்றேங்கறேன்ல!"

அன்று தெருவுக்குக் கேட்கும்படி அந்த வீட்டில் சண்டையே நடக்கவில்லை. தெருவுக்கே கொஞ்சம் ஏமாற்றம்தான்.

வெள்ளிக்கிழமை காலை எல்லா மிஷினும் நின்றிருந்தன. அறுபது பேரும் மிஷின் பக்கத்தில் நின்றார்கள். சூப்பர்வைசர் தொண்டையைச் செருமி, "அக்கா ஒரு வார்த்த சொல்லுவாங்க" என்றார்.

கோணலக்கா மன்னிப்புக் கேட்கவில்லை. கோட்டு ஒன்றை உயரத் தூக்கிப் பிடித்தாள்.

"இது என் பென்சில் போட்ட குறி. ஸ்டிக்கர் இல்லன்னு நான்தான் பென்சில எடுத்தேன். அது என் தப்புதான், ஒத்துக்கறேன். இந்தக் குறி போகணும்னா மருந்து போடணும், மருந்து வாட வெளிய போக வழி இல்ல..."

"ஒத்துக்கிட்டா!" என்றாள் மைக்செட். "கேட்டீங்களாடி? என் பென்சில்தான், என் தப்புதான்னு அவ வாயாலயே ஒத்துக்கிட்டா!"

"முழுசாக் கேளுடி! மருந்து..."

"மருந்து வெச்சாளாம்! மருந்து வெச்சேன்னு சொல்றா!"

"ஏய், நான் வெக்கல! உங்க கையில குடுத்தது சூப்பர்வைசர்..." அவள் குரல் உயர உயர, கேட்கிற காது குறைந்துகொண்டே போனது. நேற்று அங்கே சிரித்தாயே என்றாள் ஒருத்தி. சோதனை செய்து பார்த்தேன் என்றாள் இவள். யார்மேல் சோதனை செய்தாய் என்றாள் இன்னொருத்தி. எந்தப் பக்கம் தைத்தாலும் துணி சுருங்கியது. காலர்க்காரி முதலில் உட்கார்ந்தாள். பின்வரிசையில் ஒருத்தி சரிந்தாள்.

கோணலக்கா திரும்பினாள். "சின்னவளே, நீ சொல்லு. திங்கக்கிழம என்ன ஆச்சு? நீயே சொல்லும்மா."

கூடம் அடங்கியது. அறுபது தலையும் சின்னவள் பக்கம் திரும்பின.

சின்னவள் வாயைத் திறந்தாள். திங்கள் என்று ஆரம்பித்தால், மருந்தே தொடாமல் விழுந்த புதன் எங்கே போகும் என்று அவளுக்கும் தெரியும், மைக்செட்டுக்கும் தெரியும். வாய் திறந்தது திறந்தபடி இருந்தது. பிறகு அவள் கழுத்தில் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்த சின்னக் கத்தரிக்கோலைத் தலை வழியாகக் கழற்றினாள். குத்திவிடாதபடி மேஜைமேல் வைத்தாள். அப்புறம், தைத்துக் கட்டி வைத்திருந்த கோட்டு மூட்டையின் மேல், மயங்கி விழுந்தாள்.

"ஐயோ!" என்று அறுபது பேரும் ஓடினார்கள். கத்தரிக்கோலைப் பார்த்தது கோணலக்கா ஒருத்திதான். நூலிழை கோணலையும் விடாத கண் அது, அதை எப்படி விடும்? கையிலிருந்த கோட்டை மடித்தாள். ஓரத்தோடு ஓரம் சேர்த்து, அழகாக மடித்து மேஜைமேல் வைத்தாள். கண்ணாடியை உறையில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தாள். யாரும் போகச் சொல்லவில்லை. யாரும் நில்லென்றும் சொல்லவில்லை.

இதற்கப்புறம் நடந்ததுதான் வயிற்றெரிச்சல். அவள் போன கையோடு மைக்செட், "அவ மூச்சுக் காத்து இந்த ஹாலுக்குள்ளயே நிக்குது. மொதல்ல அது வெளிய போகணும்" என்றாள். நாலு பேர் ஏறி, ஜன்னல் டேப்பையெல்லாம் கிழித்து எறிந்தார்கள். பெரிய ஃபேனை மூன்று நாள் விடாமல் ஓட்டினார்கள். இழுப்பறையிலிருந்த சிவப்புப் பென்சிலை இடுக்கியில் பிடித்துக் கொண்டுபோய்ச் சாக்கடையில் போட்டார்கள். திங்கட்கிழமை ஸ்டிக்கர் ரோலும் வந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒருத்திகூட விழவில்லை. தலைச்சுற்றல்கூட இல்லை.

"பாத்தீங்களா?" என்றாள் மைக்செட். பார்த்தார்கள். இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

கோணலக்காவும் வீட்டுக்காரரும் இரண்டு மாதத்தில் வீட்டைக் காலி செய்துகொண்டு வேறு ஊருக்குப் போனார்கள். ரொட்டி அடுப்பு எல்லா ஊரிலும் உண்டு என்று அவர் சொன்னார். காத்திருந்தால் சரியாகிவிடும் என்று அந்த ஒரு தடவைதான் சொல்லவில்லை. அங்கே அவள் திரைச்சீலை தைக்கிற இடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். திரைச்சீலை நேர்கோடாகத்தான் தொங்கும், சண்டைக்கு இடமில்லை. சூப்பர்வைசர் மூத்த மகனோடு வேறு நாட்டுக்குப் போய்விட்டார். காலர்க்காரிக்குக் கல்யாணம் முடிந்து, இரட்டைக் குழந்தை. மைக்செட் இன்னும் அதே தெருவில்தான். அவள் எங்கே போவாள்? போனால் தெருவுக்குப் பொழுது போகாது.

சின்னவள் அண்ணன் வீட்டோடு போகவில்லை. கூட வேலை செய்தவளோடு அறை எடுத்துத் தங்கினாள். காலியான மேஜைக்கு அவளையே போட்டார்கள். ஒரு வருஷம் ஸ்டிக்கர் ஒட்டினாள். பிறகு அந்தப் பெரிய ஃபேனைக் கழுவி மாட்ட வந்த எலக்ட்ரீஷியனையே கல்யாணம் செய்துகொண்டு, ரயிலில் ஒரு நாள் தூரம் உள்ள ஊருக்குப் போனாள்.

கல்யாணத்துக்கு அண்ணனும் அண்ணியும் வந்திருந்தார்கள். அண்ணி வருவாளா மாட்டாளா என்று தெருவில் பெரிய விவாதமே நடந்தது, வந்தாள். மணப்பெண் அறையில் நாலைந்து பெண்கள் பார்த்துக்கொண்டிருக்க, சின்னவள் புதுத்துணியில் எழுந்து நின்று ஒரு சுற்றுச் சுற்றினாள். தோளில் தையல் ஒரு விரல்கடை இறங்கிக் கிடந்தது. அங்கிருந்த யாருக்கும் தெரியவில்லை. கோணலக்காவின் கண்ணாடி நெற்றிக்கு ஏறியது. சின்னவள் அதைப் பார்த்தாள். அசையாமல் நின்றாள்.

"அண்ணி, எல்லாம் சரியா இருக்கா?" என்று கேட்டாள். இதைக் கேட்கவே ஒரு வருஷமாகக் காத்திருந்தவள் மாதிரி.

கோணலக்கா கண்ணாடியைக் கீழே இறக்கினாள்.

"சரியா இருக்கு" என்றாள். "நல்லா இரு."

சின்னவள் அழுதது அதற்குத்தான். அங்கிருந்த பெண்கள், பிறந்த வீட்டைப் பிரிகிற அழுகை என்று நினைத்து அவள் முதுகைத் தடவிக் கொடுத்தார்கள்.